பிரிதிறன்: ரெசல்யூஷன் என்னும் சொல்லும் திரை வாங்கும் கணக்கும்

ரெசல்யூஷன்: பெயர்ச்சொல். தமிழில் பிரிதிறன். பரவலாக வழங்கும் இன்னொரு சொல், தெளிவுத்திறன்.

நெருங்கி இருக்கும் இரண்டை இரண்டாகவே பிரித்துக் காட்டும் ஆற்றல் என்பதுதான் இதன் அடிப்படைப் பொருள். கணினித் திரை விற்கும் கடையிலோ இதே சொல் 3840 × 2160 போன்ற ஒரு பிக்சல் எண்ணிக்கையைக் குறிக்கிறது. இந்த இரண்டு பொருளையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வதால்தான் பலர் தங்களுக்குப் பொருந்தாத திரையை வாங்கிவிடுகிறார்கள்.

கொடைக்கானலில் இருப்பவர்கள் இந்தச் சொல்லின் பொருளைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரவில் மலைப்பாதையின் தொலைவான வளைவில் ஏறிவரும் பேருந்து முதலில் ஒற்றை வெளிச்சமாகத்தான் தெரியும். கிட்டே வர வர ஒரு கட்டத்தில் அது இரண்டாகப் பிரியும். முகப்பு விளக்குகள் இரண்டு என்று அப்போதுதான் புரியும். குறையில்லாத கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. வானியலில் இதைக் கலை என்பார்கள். இரண்டு மீட்டர் இடைவெளியில் இருக்கும் விளக்குகள் சுமார் 7 கி.மீ. தொலைவில் அந்தக் கோணத்தை எட்டுகின்றன. அதற்கு அப்பால் எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் அவை ஒன்றாகத்தான் தெரியும். இடையில் மஞ்சு இறங்கி வெளிச்சம் மங்கினால் அது தெளிவு போனது. ஏழு கி.மீ.க்கு அப்பால் இரண்டும் ஒன்றாகத் தெரிவது பிரிதிறன் போதாதது. இரண்டும் வேறு வேறு குறைகள். அவற்றுக்கு வேறு வேறு சொற்கள் வேண்டும்.

சொல்லின் வேர் லத்தீன். ‘சோல்வெரே’ என்றால் கட்டை அவிழ்த்தல், தளர்த்தல். ‘ரே’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘ரெசோல்வெரே’ ஆயிற்று. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது இச்சொல்லுக்கு ஒன்றைக் கூறுகளாகப் பிரித்தல் என்றுதான் பொருள். சிக்கலை அவிழ்த்தால் முடிவு கிடைக்கும் என்ற வழியில் சட்டமன்றத் தீர்மானத்துக்கும் புத்தாண்டு உறுதிக்கும் இதே சொல் பெயரானது. வேதியியலில் கரைப்பானைக் குறிக்கும் ‘சால்வென்ட்’டும் இந்த வேரில் பிறந்ததே. 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல், வெறும் புகைத்திட்டாகத் தெரிந்த சிலவற்றைத் தன் பெரிய தொலைநோக்கிகளில் தனித்தனி விண்மீன்களாகக் கண்டார். அப்படிப் பிரிந்து தெரிவதைச் சொல்ல இந்த வினைச்சொல்லைத்தான் ஆண்டார். ஒளியியலில் இச்சொல் ஊன்றியது இந்த வழியில்தான். திரைக்கு வந்தது வெகு பின்னால்.

இனித் தமிழ்ப் பக்கம். ‘மூட்டையைப் பிரி’ என்றால் கட்டவிழ்ப்பது. ‘பாதை பிரிகிறது’ என்றால் ஒன்று இரண்டாவது. கயிற்றின் ஒவ்வோர் இழைக்கும் பெயர் பிரி, மூன்று பிரிக் கயிறு என்கிறோமே அதில் வருவது. லத்தீன் வேரில் உள்ள அவிழ்த்தல், பிரித்தல் என்ற இரண்டு பொருளும் தமிழில் ஒரே வினையில் ஏற்கெனவே இருக்கின்றன. கலைச்சொல் ஆக்கத்தில் இவ்வளவு பொருத்தம் அரிதாகத்தான் அமையும். பிரிதிறன் வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே ‘பிரித்திறன்’ என்று எழுதுவது பிழை. இயற்பியலில் வழங்கும் பகுதிறன் என்ற சொல்லும் சரியானதே. ஆனால் பழகாத கண் அதைப் ‘பகுதித் திறன்’ என்று படித்துவிடும். அவிழ்க்கும் பொருளும் அதில் இல்லை.

கணினி, கைப்பேசிகளின் தமிழ்ப் பட்டிகளில் (மெனு) வரும் ‘தெளிவுத்திறன்’ விளைவைத்தான் சொல்கிறது, செயலைச் சொல்வதில்லை. தெளிவுக்குப் பல காரணங்கள் உண்டு: ஒளிர்வு, கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாடு, மேற்பூச்சு, கண்ணாடியின் தூசி. திரையின் பட்டியில் ‘ஷார்ப்னஸ்’ அளவை ஏற்றினால் எழுத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும், அவ்வளவுதான். ஒரு பிக்சல்கூட அதிகமாகாது. ‘தெளிவுத்திறன் அதிகம்’ என்று கேட்பவர் எண் பெரிதானால் படம் தெளிவாகும் என்று நம்புவது இயல்பு. ‘பிரிதிறன்’ என்று கேட்டால் எதை, எவ்வளவு தூரத்திலிருந்து பிரிப்பது என்ற கேள்வி கூடவே வந்துவிடும்.

அந்தக் கேள்வியின் அருமை கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு நன்றாகத் தெரியும். 1899இல் தொடங்கி, 2,343 மீட்டர் உயரத்தில் இயங்கும் இடம் அது. அங்குள்ள சுரங்கத் தொலைநோக்கியின் 38 செ.மீ. வில்லை, சூரியனைச் சுமார் 34 செ.மீ. விட்டத்துக்குப் பெரிதாக விழவைக்கும். கணக்குப்படி அந்த வில்லை ஒரு விகலையில், அதாவது கலையின் அறுபதில் ஒரு பங்கில், மூன்றில் ஒன்றைக்கூடப் பிரிக்க வேண்டும். வெயிலில் கொதிக்கும் காற்று பெரும்பாலான நாள்களில் ஒரு விகலைக்குக் கீழே போக விடாது. பிம்பத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது மாறாது. பெரிதாக்குவது ஒன்று, பிரிப்பது மற்றொன்று. இதே மலையில் 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்தது, நிறமாலைக் கோடுகளின் மிகச் சிறு நகர்வைப் பிரித்தறிந்ததால். அங்கே பிரிந்தது இடம் அல்ல, நிறம். ஆகவே பிரிதிறன் இடத்துக்கு உண்டு, நிறத்துக்கு உண்டு, காலத்துக்கும் உண்டு. வேலைக்கும் விளையாட்டுக்குமாக ஒரு திரை வாங்குபவர் பார்க்க வேண்டியதும் இந்த மூன்றைத்தான்.

முதலில் இடம். படத்தின் மிகச் சிறிய கூறு பிக்சல். ‘படம்’, ‘கூறு’ என்பவற்றுக்கான இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி ஒட்டியது. 1965இல் ஃபிரெட் பில்லிங்ஸ்லி எழுதிய கட்டுரைகளில் அச்சேறியது. தமிழில் படப்புள்ளி. கடைக்காரர் சொல்லும் 1920 × 1080, 2560 × 1440, 3840 × 2160 எல்லாம் படப்புள்ளி எண்ணிக்கைதான். மொத்தமாக முறையே சுமார் 20.7 லட்சம், 36.9 லட்சம், 82.9 லட்சம். திரைப்படத் துறையின் 4கே 4096 × 2160. கணினித் திரையில் 4கே என்று விற்பது 3840 × 2160. ‘2கே’ என்ற பெயரில் 2560 × 1440 விற்கிறார்கள். திரைப்பட அளவில் 2கே என்பது 2048 × 1080. பெட்டியில் கே எழுத்தைப் பார்க்காமல் இரண்டு எண்களையும் படித்துப் பாருங்கள்.

எண்ணிக்கையைப் பிரிதிறனாக மாற்றும் கணக்கு எளிது. திரையின் படம் தெரியும் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து கிடைவரிசைப் புள்ளிகளால் வகுத்தால் ஒரு புள்ளியின் அளவு வரும். கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து 3,438ஆல் வகுத்தால் அந்தத் தூரத்தில் கண் பிரிக்கும் அளவு வரும். 60 செ.மீ. தூரத்துக்கு அது 0.17 மி.மீ. 27 அங்குலத் திரையின் அகலம் 598 மி.மீ. அதில் 1920 புள்ளி என்றால் ஒவ்வொன்றும் 0.31 மி.மீ.; படிக்கட்டுப் போல ஓரம் தெரியும், ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்தால்தான் மறையும். 2560 புள்ளி என்றால் 0.23, 80 செ.மீ.யில் மறையும். 3840 புள்ளி என்றால் 0.156, 54 செ.மீ.யிலேயே மறைந்துவிடும். 32 அங்குலத்தில் 3840 புள்ளிக்கு 0.18, 63 செ.மீ. தள்ளி உட்கார வேண்டும். திரையின் காலே மேசையில் 20 செ.மீ.க்கு மேல் பிடித்துக்கொள்ளும் என்பதால், 60 செ.மீ. ஆழமுள்ள மேசைக்கு 27 அங்குலமே அளவு. 32 வேண்டுமென்றால் 75 செ.மீ. மேசையோ சுவரில் பூட்டும் தாங்கியோ வேண்டும்.

தமிழ் படிப்பவருக்கு இந்தக் கணக்கு ஆங்கிலம் மட்டும் படிப்பவரைவிட முக்கியம். ன, ண இரண்டுக்கும் வேறுபாடு ஒரு சுழி. ‘ளி’க்கும் ‘ளீ’க்கும் வேறுபாடு கொம்பின் நுனிச் சுழிப்பு. மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றிரண்டு படப்புள்ளியில்தான் நிற்கிறது. வழக்கமான 10 பாயின்ட் எழுத்துக்கு 27 அங்குல 1080 திரையில் கிடைப்பது சுமார் 13 படப்புள்ளி உயரம். அதற்குள் மேற்குறி, கீழ்க்குறி, சுழி எல்லாம் அடைய வேண்டும். 3840 × 2160 திரையில் எழுத்தையும் படக்குறிகளையும் பெரிதாக்கும் விண்டோஸ் ஸ்கேலிங்கை 150 விழுக்காட்டில் வைத்தால் அதே எழுத்துக்கு 20 படப்புள்ளி உயரம் கிடைக்கும். பரப்பில் பார்த்தால் இரண்டேகால் மடங்கு. திரையில் வேலை செய்யும் இடம் 2560 × 1440 அளவுக்கே இருக்கும், எழுத்து மட்டும் அச்சுப் போல வரும். மெய்ப்புப் பார்ப்பவர்கள், பக்க வடிவமைப்புச் செய்பவர்கள் இதற்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு எச்சரிக்கை: நாற்பதைத் தாண்டியவரின் படிப்புக் கண்ணாடி 40 செ.மீ. தூரத்துக்கு எழுதப்பட்டிருக்கும். 65 செ.மீ.யில் எழுத்து கலங்கினால் குறை திரையில் இல்லை.

விளையாட்டில் காலப் பிரிதிறன் முந்திக்கொள்கிறது. வினாடிக்கு 960 படப்புள்ளி வேகத்தில் ஓடும் உருவத்தைக் கண் பின்தொடர்ந்தால், 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரையில், அதன் ஓரம் 16 புள்ளி அகலத்துக்கு இழுபட்டுத் தெரியும். 120இல் 8, 240இல் 4. அசையும்போது 4கே திரை தன் பிரிதிறனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது என்று இதற்குப் பொருள். கிராபிக்ஸ் கார்டுக்கோ 1080ஐப் போல நான்கு மடங்கு வேலை. சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற நுட்பங்கள் தரமான நிலையில் 2560 × 1440இல் வரைந்து 4கேக்கு விரிக்கின்றன. அப்போது வரையும் பிரிதிறன் ஒன்று, காட்டும் பிரிதிறன் வேறொன்று. கார்டு நடுத்தரம் என்றால் 27 அங்குலம், 2560 × 1440, 165 அல்லது 180 ஹெர்ட்ஸ் உள்ள ஐபிஎஸ் வகைத் திரை போதும். கார்டு வலுவானது, பகலில் எழுத்து வேலையும் உண்டு என்றால் 27 அங்குலம், 3840 × 2160, 144 ஹெர்ட்ஸ். விளையாட்டே இல்லாதவருக்கு 60 ஹெர்ட்ஸ் 4கே நன்றாகப் போதும்.

குளிருக்கும் இதில் பங்கு உண்டு. திரவப் படிகம் குளிரில் பாகுபோல் தடித்து மெதுவாகத் திரும்பும். மார்கழி, தை விடியலில் அறையின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போயிருந்தால், போட்டவுடன் உருட்டும் எழுத்துகளின் பின்னால் நிழல் ஓடும். விஏ வகைத் திரைகளின் கருமைப் பகுதிகளில் இது மோசமாகத் தெரியும். இருபது முப்பது நிமிடம் ஒளிர்ந்து சூடானபின் சரியாகிவிடும். பழுதென்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம். குளிர்ந்து கிடந்த திரை இருக்கும் அறையில் ஹீட்டரும் வெந்நீர் ஆவியும் சேர்ந்தால் முகத்தில் நீர் பூக்கும். மின்சாரத்தைக் கொடுக்காமல், துடைத்து அழுத்தாமல், தானாகக் காயும்வரை இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

நிறத்தில் தவறுவது பெரும்பாலும் கம்பியால். எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் 30 ஹெர்ட்ஸில்தான் வரும். சுட்டி தத்தித் தத்தி நகரும். 2.0 இருந்தால் 60 ஹெர்ட்ஸ் வரும். ஆனால் ஒளி, இருள் வீச்சைக் கூட்டிக் காட்டும் எச்டிஆரைப் போட்டவுடன் 10 பிட் நிறத்துக்கு இடம் போதாமல், பல கணினிகள் நிறத் தகவலைப் பாதியாகக் குறைத்து அனுப்பும். கறுப்பில் சிவப்பு எழுத்தைப் பார்த்தால் ஓரம் கசங்கியிருப்பது தெரியும். 144 ஹெர்ட்ஸுக்கு டிஸ்ப்ளே போர்ட் 1.4 அல்லது எச்டிஎம்ஐ 2.1 தேவை. மடிக்கணினியில் யுஎஸ்பி-சி ஹப் வழியாக இணைத்தால், பல ஹப்கள் பாதித் தடத்தைக் கோப்புப் பரிமாற்றத்துக்கு எடுத்துக்கொண்டு 4கேயை 30 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகளில், புள்ளிக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகள் வேறு ஒழுங்கில் அமைந்திருப்பதால் எழுத்தோரத்தில் வண்ணக் கரை தெரியலாம். நாள் முழுதும் ஒரே பட்டை நிற்கும் வேலைக்குத் தழும்பு விழும் அச்சமும் உண்டு.

வத்தலக்குண்டு வழியாக மலையேறி வரும் பெட்டியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே கொண்டுவரச் சொல்லுங்கள். பிரிப்பதைத் தொடக்கம் முதல் படம் பிடியுங்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து முழுத்திரைப் படங்களை வைத்து, ஒளிரும் புள்ளி, இருண்ட புள்ளி உண்டா என்று அன்றே பாருங்கள். பிறகு ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, உங்கள் நாற்காலியில் சாய்ந்தபடி ‘கண்ணன்’, ‘பள்ளி’ ஆகிய சொற்களைப் படியுங்கள்.

சூரிய ஆய்வகத்தின் பழைய கண்ணாடித் தட்டுகளை எண்மமாக்கியபோது ஒவ்வொன்றையும் 4096 × 4096 புள்ளிகளாகப் பதிந்தார்கள். ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளியாக வைத்தால் 4கே திரையில் அந்தப் படத்தின் பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான் அடங்கும். மீதியை உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

வாக்கியத்தில்: “இந்தத் திரையின் படப்புள்ளி எண்ணிக்கை 3840 × 2160, அரை மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இதன் பிரிதிறன் கண்ணின் பிரிதிறனுக்குச் சமம்.”