சமமாகப் பிரித்தால் நியாயமாகிவிடுமா?

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் போல்ட், நட்டு செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் பட்டறைகளுக்குக் கார்பன் கணக்கு, அதாவது பொருளைச் செய்ய எவ்வளவு புகை வெளியேறியது என்ற கணக்கு, எழுதிக் கொடுப்பது என் வேலை. 2023 அக்டோபரிலிருந்து அங்குள்ள இறக்குமதியாளர்கள் இதைக் கேட்கிறார்கள். ஓசூர்க்காரர் ஒருவர் மின்கட்டண ரசீதுகளை மேஜையில் பரப்பிவிட்டு எரிச்சலோடு கேட்டார்: "நம்மிடம் இவ்வளவு கறாராக இருக்கிறார்களே சார், அவர்களுக்குள் எல்லாரும் புகையைச் சமமாகவா குறைக்கிறார்கள்?"

இல்லை. கியோட்டோ என்ற பருவநிலை உடன்படிக்கையின்படி ஐரோப்பிய ஒன்றியத்தின் அன்றைய 15 உறுப்பு நாடுகளும் சேர்ந்து, 2008-2012 காலத்தில் பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களை 1990-ஐவிட 8 சதவீதம் குறைக்க வேண்டியிருந்தது. 1998-இல் பங்கு பிரித்தபோது ஜெர்மனி, டென்மார்க் தலையில் 21 சதவீதம் விழுந்தது. பிரிட்டனுக்கு 12.5. பிரான்ஸ் இருந்தபடியே இருக்கலாம். ஸ்பெயின் 15, போர்ச்சுகல் 27 சதவீதம் கூட்டிக்கொள்ளவே செய்யலாம்! வளர வேண்டியவர்களுக்கு இடம் விட்டார்கள்.

ஜெர்மனியின் தாராளத்துக்கு ஒரு பின்கதை உண்டு. 1990-க்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியின் பழைய ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. புகையில் ஒரு பகுதி தானாகவே குறைந்தது. எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள் என்ற அடிப்படை ஆண்டைப் பார்க்காமல் எந்தச் சதவீதத்தையும் நான் நம்புவதில்லை. ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒன்று எனக்குப் பிடிக்கும்: கூட்டு இலக்கு தவறினால், ஒவ்வொரு நாடும் தன் பங்குக்குத் தானே பதில் சொல்ல வேண்டும்.

நம் தெற்காசியாவில் மின்கம்பி எல்லை தாண்டுகிறது, கணக்கு தாண்டுவதில்லை. பூட்டானில் 1,020 மெகாவாட் தாலா, 720 மெகாவாட் மாங்தேச்சு நீர்மின் நிலையங்களின் மின்சாரம் இந்தியாவுக்கு வருகிறது. அந்த அளவுக்கு இங்கே நிலக்கரி எரிவது குறைகிறது. புகை எங்கே வெளியேறுகிறதோ அங்கேதான் கணக்கு என்பது விதி. ஆகவே குறைந்த புகை இந்தியாவின் கணக்கில் தெரிகிறது, பூட்டானுக்கு யூனிட் விலை மட்டும் கிடைக்கிறது. 2024 நவம்பரில் நேபாளத்தின் 40 மெகாவாட் இந்தியக் கம்பிகள் வழியே வங்கதேசம் போனது. குறைந்த புகை யார் கணக்கில் என்ற கேள்வி அங்கேயும் உண்டு.

2014-இல் காத்மாண்டுவில் கையெழுத்தான தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் எரிசக்தி ஒப்பந்தம் மின்வணிகத்தோடு நின்றுவிட்டது. வெளியேற்றும் அளவும் உறிஞ்சும் அளவும் சமமாகும் நிகர பூஜ்யத்துக்கு நேபாளம் 2045, இந்தியா 2070 என்று தனித்தனியே தேதி குறித்திருக்கின்றன. குறைப்பை ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளப் பாரிஸ் பருவநிலை உடன்படிக்கையின் 6-வது பிரிவு வழி தருகிறது. கூட்டு இலக்கெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புதிதாகப் போடும் ஒவ்வொரு மின்கொள்முதல் ஒப்பந்தத்திலும், அதனால் குறையும் புகை யார் கணக்கில் எவ்வளவு என்று ஒரு விதி எழுதச் சொல்வேன்.