சமூகப் பதற்றமா, பிறர்முன் அச்சமா?

படபடப்பு என்று இதயம் பார்க்க வந்திருந்த என் அக்கா மகனின் கையில் மருத்துவமனையில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். தலைப்பு 'சமூகப் பதற்றக் கோளாறு'. "ஏதோ கலவரம் பற்றியது மாமா" என்று மடித்து வைத்துவிட்டான். அவனுக்காகவே அச்சிட்ட தாள் அது! கந்தன்சாவடியில் இறங்க வேண்டியவன், ஷேர் ஆட்டோவில் "இங்கே நிறுத்துங்கள்" என்று சொல்ல நா எழாமல் துரைப்பாக்கம் வரை போய், வெயிலில் நடந்து திரும்புகிறவன்.

ஆங்கிலத்தில் இது 'சோஷியல் ஆங்சைட்டி'. முன்சொல்லின் லத்தீன் வேர் தோழனையும், பின்சொல்லின் வேர் நெரித்தலையும் குறிக்கும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கையேட்டில் 1980-இல் 'சோஷியல் ஃபோபியா' என்று நுழைந்தது. இன்றைய பெயர் 2013-இல் முதன்மை பெற்றது. பிறர் தன்னைக் கவனித்துக் குறைவாக எடைபோடுவார்கள் என்ற விடாத அச்சமே நோயின் மையம்.

'சமூகம்', 'பதற்றம்' இரண்டும் தனித்தனியே நல்ல சொற்கள்தான். ஆனால் இரு தரப்பு மோதிக்கொண்டால் "அப்பகுதியில் பதற்றம் நிலவுகிறது, போலீசார் குவிப்பு" என்றுதான் நாளிதழ்கள் எழுதுகின்றன. 'சமூகம்' என்றால் பாதி இடங்களில் சாதி. சொல்லுக்குச் சொல் வைத்த மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் சேர்த்து ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்திருக்கலாம். பழைய கடிதங்களில் 'மகாராஜா சமுகத்துக்கு' என்று எழுதிய 'சமுகம்' வேறு, அது ஒருவரின் நேர்முன்னிலையைக் குறிப்பது. நேரில் வந்தார் என்பதை இலங்கைத் தமிழர் இன்றும் 'சமுகமளித்தார்' என்கிறார்கள். அந்தப் பொருள் இங்கும் உயிரோடு இருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன்.

சிலர் 'அவையச்சம்' என்கிறார்கள். வள்ளுவர் 'அவை அஞ்சாமை'க்குத் தனி அதிகாரமே வைத்தார். போர்க்களத்தில் சாகத் துணிபவர் பலர், அவையில் அஞ்சாதவர் அரியர் என்கிறது 723-ஆம் குறள். அருமையான சொல், ஆனால் மேடைக்குத்தான் பொருந்தும். கல்யாணப் பந்தியில் இலைமுன் கை நடுங்குவதும், அடிக்கும் போனை எடுக்காமல் வெறித்திருப்பதும் எந்த அவையில் நடக்கின்றன? 'கூச்ச சுபாவம்' இதைவிடத் தீங்கானது. சுபாவம் என்றதும், மாறாது என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்கள். எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாகத் திருத்தும் பேச்சுச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் பலருக்குக் குணம் தருகின்றன. 14416 என்ற அரசு உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். தனக்கு என்னவென்று பெயர் தெரியாதவன் எதற்காக அழைப்பான்?

'பிறர்முன் அச்சம்' என்பதே சரி. "நாலு பேர் என்ன நினைப்பார்கள்" என்கிறோமே, அந்த நாலு பேர்தான் இங்கே பிறர்.

பிறகு மனநல மருத்துவரிடம் போனபோது, பேச வராது என்று அவன் சீட்டில் எழுதிக் கொண்டுபோனான்: "நாலு பேர் இருந்தால் குரல் வருவதில்லை. சாப்பிடவும் முடிவதில்லை." மருத்துவர் வாங்கிப் படித்துவிட்டு, "எத்தனை வருஷமாக?" என்று கேட்டார்.