கொளுத்தும் வெயிலில் சோலாரை நிப்பாட்டச் சொன்னார்கள்

2025 சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள் யாழ்ப்பாணம் கோண்டாவிலிலிருந்து ஐயா ஒருவர் போன் எடுத்தார். அவர் வீட்டுக் கூரையில் 5 கிலோவாற் சோலார் பூட்டிக் கொடுத்தது நான்தான். "தம்பி, உலகம் சூடாகுது எண்டு சொல்லித்தானே பூட்டினியள்? இப்ப நிப்பாட்டட்டாம்!"

அவர் கோபம் நியாயமானது. விடுமுறை முடியும்வரை தினமும் பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டிருந்தது. தொழிற்சாலைகளுக்கும் கந்தோர்களுக்கும் பூட்டு, வெயிலோ உச்சத்தில். மின்கட்டமைப்பில் உற்பத்தியும் பாவனையும் நொடிக்கு நொடி சமனாக நிற்க வேண்டும். திடீரென்று ஏதும் குழம்பினால் பெரிய சுழலிகளின் கனமான சுழற்சிதான் அதைத் தாங்கிப்பிடிக்கும். சோலாருக்கு அந்தக் கனம் இல்லை. அதே ஆண்டு பெப்ரவரி 9 பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டபோது எல்லோரும் குரங்கைச் சொல்லிச் சிரித்தோம். அது வெயில் எறித்த ஒரு ஞாயிறு என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது: பாவனை குறைவு, சோலார் நிறைய, தாங்கிப்பிடிக்கும் சுழலிகள் குறைவு.

உலகம் சூடாவதைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்த பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் இலங்கை 2021இல் கொடுத்த வாக்கு இது: 2030இல் மின்சாரத்தின் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியில், புதிதாக நிலக்கரி நிலையம் இல்லை, வழக்கம்போல் போனால் வரக்கூடிய உமிழ்வில் 14.5 வீதக் குறைப்பு. கடைசி இலக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். சொந்தச் செலவில் செய்வது 4 வீதம்தான். மிச்சம் 10.5 வெளியுதவி கிடைத்தால். ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 1 தொன் காபனீரொட்சைட்டு விடும் நாடு அப்படிக் கேட்பதில் பிழை இல்லை. உலகச் சராசரி 4 தொன்னுக்கும் மேல்.

வெளியுதவி வரும் விதத்துக்குத் தூரம் போக வேண்டாம், நெடுந்தீவு இருக்கிறது. தேசியக் கட்டமைப்போடு சேராத தீவு, டீசல் ஜெனரேற்றரில்தான் வெளிச்சம் இருந்தது. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு. அங்கும் நயினாதீவிலும் அனலைதீவிலும் சோலாரும் காற்றாலையும் பற்றரியும் சேர்ந்த திட்டம் 2021இல் ஆசிய அபிவிருத்தி வங்கி நிதியில் சீன நிறுவனம் ஒன்றுக்குப் போனது. இந்தியா எதிர்த்தது. 2022 மார்ச்சில் அதே வேலைக்கு இந்திய நன்கொடை ஒப்பந்தம் கைச்சாத்தானது. பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை ஜெனரேற்றர் ஓடிக்கொண்டே இருந்தது.

சரி, ஐயாவுக்கு என்ன சொன்னேன்? நிறுத்துவதென்றால் முதலில் மின்கட்டமைப்புப் பக்கத்து ஏசி பிரேக்கர், அப்புறம் சோலார் தகட்டுப் பக்கத்து டிசி சுவிற்ச். புத்தாண்டு முடிந்த பிறகு தண்ணி மோட்டர், உடுப்புத் தோய்க்கும் மெசின், அயன் எல்லாவற்றையும் நண்பகலுக்கு மாற்றுங்கள். மாலை 6.30இலிருந்து 10.30 வரை குறையுங்கள், அந்த நேரத்துத் தேவைக்குத்தான் எண்ணெய் எரிக்கிறார்கள்.

"நண்பகல்ல தண்ணி விட்டா வெங்காயம் என்னத்துக்காகும்?" என்றார்.

பகலில் தண்ணீரைத் தாங்கிக்கு ஏற்றி வைத்துப் பின்னேரம் திறந்துவிடச் சொன்னேன். பற்றரியைவிட அது மலிவு. தாங்கி கட்ட எவ்வளவு செலவாகும் என்று கேட்டார். அது மேசன் வேலை, எனக்குத் தெரியாது.