சாலையைச் சுரண்டும் உருளை

தார்ச்சாலை என்று சொல்லிப் பழகிவிட்டோமே தவிர, இன்றைய சாலைகளில் இருப்பது பழைய நிலக்கரித் தார் அன்று. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் பிட்டுமின். கலவையின் எடையில் அதன் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம்தான். மீதியெல்லாம் ஜல்லி, மணல், கல்தூள். ஆனால் சாலைக்கு மூப்பு வருவது பெரும்பாலும் அந்த 5 சதவீதத்தில்தான். வெயிலிலும் காற்றிலும் பிட்டுமின் ஆண்டுக்கணக்கில் ஆக்சிஜனேற்றம் அடைந்து இறுகுகிறது; வண்டிகளின் சுமைக்கு வளைந்துகொடுக்க முடியாமல் விரிசல் விடுகிறது. அதன் வழியே இறங்கும் மழைநீர் அடித்தளத்தை இளக்கிவிட, குழி விழுகிறது.

பழைய பரப்பின்மேலேயே புது அடுக்கைப் போடுவது எளிது. ஆனால் அடியிலுள்ள விரிசல் நாளடைவில் மேலேயும் தலைகாட்டும். சாலை மட்டமும் ஒவ்வொரு முறையும் உயர்ந்து, வடிகாலின் கணக்கே மாறிவிடும். ஆகவே கெட்டுப்போன மேல்தோலை மட்டும் சீவியெடுப்பதே முறை. அதைச் செய்வது மில்லிங் இயந்திரம்.

அதன் வயிற்றுக்கடியில் எஃகு உருளை ஒன்று உண்டு; பெரிய இயந்திரங்களில் அதன் அகலம் சுமார் 2 மீட்டர். அதைச் சுற்றித் திருகுபோல் வளைந்த வரிசைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பற்கள் செருகப்பட்டிருக்கும். வண்டிச் சக்கரம் சுழலும் திசைக்கு எதிராக உருளை சுழல்வதால், ஒவ்வொரு பல்லும் அடியில் மெல்லிய கீற்றாக வெட்டத் தொடங்கி, மேலே வர வரத் தடித்த துண்டைப் பெயர்த்துக்கொண்டு வெளியேறுகிறது. வெட்டின் வடிவம் காற்புள்ளியை ஒத்திருக்கும். சாலைக் கலவை அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவிசையைத் தாங்காது என்பதால், கீழிருந்து மேலாகப் பெயர்ப்பது எளிதாகிறது.

என்னைக் கேட்டால் இந்த இயந்திரத்தின் சூட்சுமமே அந்தப் பல்லில்தான் இருக்கிறது. பல் விரல் நீளமே இருக்கும்; அதன் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளைப் பதித்திருப்பார்கள். பல் தன் பிடிப்பானுக்குள் தளர்வாகச் சுழலும். வெட்டும்போதெல்லாம் கொஞ்சம் திரும்பிக்கொள்வதால் பென்சில் முனைபோல எல்லாப் பக்கமும் சமமாகத் தேயும். தூசி அடைத்துச் சுழற்சி நின்றுபோனால் ஒரு பக்கமே மழுங்கி வீணாகிவிடும். உருளையின்மேல் ஓயாமல் தண்ணீர் பீய்ச்சுவது சூட்டையும் தூசியையும் தணிக்க மட்டுமல்ல, பல்லின் சுழற்சியைக் காக்கவும்தான்.

சீவிய துகள்களைத் திருகு வரிசைகள் நடுவே தள்ள, கன்வேயர் அவற்றை முன்னே நகரும் லாரியில் கொட்டுகிறது. பின்னர் வரிவரியான பரப்பைப் பெருக்கி, பிட்டுமின் எமல்ஷனை, அதாவது நீரில் நுண்துளிகளாகக் கலந்த பிட்டுமினைத் தெளிப்பார்கள். பழுப்பாக விழும் அது, நீர் பிரிந்ததும் கறுத்து ஒட்டுப்படலமாகிறது. அதன்மேல் பேவர் என்னும் பரப்பு இயந்திரம் சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் கலவையைப் பரப்பும். சூடு 80 டிகிரியளவுக்கு இறங்குவதற்குள் ரோலர்கள் அழுத்தி முடித்தாக வேண்டும்.

லாரியில் போன துகள்களும் குப்பையல்ல. அவற்றிலுள்ள ஜல்லி பழுதாகவில்லை, பிட்டுமினும் இறுகியிருக்கிறதே ஒழிய அழிந்துவிடவில்லை. ஆகவே இளகிய புது பிட்டுமினுடன் அளவறிந்து சேர்த்தால் அவை மறுபடியும் சாலைக் கலவையாகின்றன.