காந்தக் கருவி தண்ணீரைக் காட்டாது

"மிஷின் வெச்சுப் பார்த்துதான் சார் சொன்னாங்க, 320 அடியில ரெண்டரை இஞ்ச் தண்ணி இருக்குன்னு." அரூர் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் சொன்னது இது. வீட்டு நகையை அடகு வைத்து 700 அடிக்கு ஆழ்துளைக் கிணறு (போர்) ஓட்டியிருந்தார். தண்ணீர் வரவில்லை, வந்தது வெறும் பாறைத்தூள் புகை. அவருக்கு அது மூன்றாவது போர்.

அந்த மிஷின் புரோட்டான் காந்தமானி. நானும் தோளில் சுமந்து திரிவது அதைத்தான். ஆகவே உறுதியாகச் சொல்கிறேன்: கருவிக்குத் தெரியும் அளவுக்குத் தண்ணீரில் காந்தம் இல்லை. எத்தனை அடியில் எத்தனை இஞ்ச் என்று எந்தக் காந்தமானியாலும் சொல்ல முடியாது.

அது காட்டுவது பாறையை. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வட்டாரங்களில் பழைய பாறைகளை அறுத்துக்கொண்டு டோலரைட் டைக்குகள் ஓடுகின்றன. கருப்பு கிரானைட் என்று மெருகேற்றி சமையல் மேடைக்குப் போடுகிறோமே, அதில் பல வகை இந்தக் கல்தான். டைக் என்பதைப் பூமிக்குள் செங்குத்தாக நிற்கும் கல்சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளம் நோக்கி நகரும் நிலத்தடி நீரை அது மறித்தால் மேட்டுப் பக்கம் நீர் தேங்கும். சுவரின் ஓரத்துப் பாறை வெடித்திருந்தால் இன்னும் நல்லது. வெடிப்பில்லாத சுவரின் நடுவிலேயே குத்தினால் புகைதான். டோலரைட்டில் மேக்னடைட் என்னும் இரும்புத் தாது கலந்திருப்பதால், மண் மூடிக் கிடந்தாலும் சுவர் போகும் தடத்தைக் காந்தமானி காட்டிவிடும். ஓரத்தில் ஈரமும் வெடிப்பும் இருக்கிறதா என்பதை அடுத்து, நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை ஆய்வில் பார்க்க வேண்டும்.

கருவியின் உணர்பகுதி மண்ணெண்ணெய் போன்ற திரவம் நிரம்பிய சிறு குப்பி. அதைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் விட்டு நிறுத்தினால், திரவத்திலுள்ள புரோட்டான்கள் பூமியின் காந்தப்புலத்தைச் சுற்றிப் பம்பரம்போல் தலையாட்டும். தமிழ்நாட்டில் புலத்தின் அளவு 40,000 நானோடெஸ்லாவை ஒட்டியது. அதற்கு அந்தத் தலையாட்டல் நொடிக்கு 1,700 முறை. காதுக்குக் கேட்கக்கூடிய சுருதி அது. எத்தனை முறை இதை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நம் ஊர்க் கணக்கில் தவறு நேர்வது இதற்குப் பிறகுதான். காந்த நிலநடுக்கோடு குமரி முனையை ஒட்டிப் போகிறது. ஆகவே இங்கே பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக, வடக்கு நோக்கிப் படுத்திருக்கிறது. கனடாவிலோ ரஷ்யாவிலோ டைக்கின் தலைக்கு மேல் அளவு ஏறும். இங்கே கிழமேற்காக ஓடும் டைக்கின் மேல் பெரும்பாலும் இறங்கும். வெளிநாட்டுப் பாடநூல் படத்தை மனதில் வைத்துக்கொண்டு, அளவு ஏறிய இடத்தையே டைக் என்று குறி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தென்வடலாக ஓடும் டைக் இன்னும் சிக்கல். நீளமான காந்தக் கட்டையின் துருவங்கள் இரு முனைகளில்தானே இருக்கும்? அதுபோல, தன் நீளத்துக்கே புலம் ஓடுவதால் இந்த டைக் பக்கவாட்டில் அடையாளமே காட்டாமல் போகலாம். திருவண்ணாமலை அருகே ஒரு நிலத்தில் அப்படியொன்றை நான் தவறவிட்டேன். வரைபடம் தட்டையாக வந்தது, "டைக் இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு அந்த ஊர்க் கிணறு வெட்டும் பெரியவர்தான் வரப்போரம் வரிசையாகக் கிடந்த கருப்பு உருண்டைக் கற்களைக் காட்டினார். அன்றிலிருந்து கருவியை எடுப்பதற்கு முன் நிலத்தை நடந்து பார்க்கிறேன்.

பகல் நேரமும் ஏமாற்றும். காந்த நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் முழுக்க மின்னோட்டம் பாய்கிறது. நெல்லைப் பக்கம் உச்சிவேளையில் அளவு 100 நானோடெஸ்லா வரை ஏறி மாலையில் இறங்கும் நாட்கள் உண்டு. 2024 மே 10, 11 போன்ற காந்தப்புயல் நாட்களில் அளவெடுப்பதே வீண். எனவே நிலத்தில் நடப்பவரிடம் ஒரு கருவி, ஒரே இடத்தில் நிலையாக இன்னொரு கருவி என இரண்டு வேண்டும். இரண்டாவது இல்லையென்றால் மணிக்கு இரண்டு முறையாவது தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து அளக்க வேண்டும். இதைச் செய்யாதவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். செல்போனும் சாவிக்கொத்தும் பையில் இருக்க அளப்பவருக்கும், மோட்டார் ரூம், தகரக் கூரை, முள்கம்பி வேலி ஓரமாகவே சுற்றி வருபவருக்கும் கொடுக்காதீர்கள்.

அரூர் விவசாயியின் நிலத்தில் முன்பு குறித்திருந்த இடத்தை மறுபடி அளந்தேன். பெரிய துடிப்பு ஒன்று இருந்தது. மண்ணைக் கிளறினால் மூன்றடிக்குக் கீழே துருப்பிடித்த இரும்பு கேசிங் குழாய். அவர் தாத்தா காலத்தில் மூடிய போராம். உண்மையான டைக் அங்கிருந்து 60 மீட்டர் தெற்கே கிழமேற்காக ஓடியது. அதன் மேட்டுப் பக்கம் மின்தடை ஆய்வு செய்து ஒரு புள்ளி வைத்தேன்.

"எத்தனை அடின்னு சொல்லுங்க சார்" என்றார்.

"வெடிச்ச பாறை 150க்கும் 250க்கும் நடுவுல இருக்கலாம். தண்ணி எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. 300 தாண்டினா ரிக்கை நிறுத்திடுங்க, அதுக்கு மேல ஒரு அடிகூட வேண்டாம்."

அவருக்கு அது போதவில்லை என்று முகமே சொன்னது. 230 அடியில் ஒன்றேகால் இஞ்ச் வந்தது. சொட்டுநீர் போட்டு அரை ஏக்கர் தக்காளி வைத்திருக்கிறார்.