புது ரூபிக் கியூப் வாங்குமுன் பிள்ளையின் கட்டைவிரலைப் பாருங்கள்

போன ஜூன் விடுமுறையில் ஓர் அம்மா தன் மகனை அழைத்து வந்தார். தொடக்கநிலை ஐந்தில் படிக்கிற பையன். வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய இடத்தில் மூன்று வாரமாக வலி. தண்ணீர் போத்தல் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை. நான் கைகளுக்குச் சிகிச்சை தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். மருத்துவர் பார்த்துவிட்டு என்னிடம் அனுப்பியிருந்தார். பையன் கையை நீட்டுவதற்குள் அம்மா கேட்டுவிட்டார்:

"கான் கம்பெனியோட புது கியூப் ரொம்ப லேசாத் திரும்புமாம். அதை வாங்கிக் கொடுத்தா வலி போயிடுமாக்கா? நூறு வெள்ளிக்கு மேல சொல்றாங்க."

பையன் உடனே, "ஆன்ட்டி, அதுல காந்தத்தைக் கூட்டிக் குறைச்சுக்கலாம்" என்றான். வலியையும் மறந்து முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

இதே கேள்வியோடு வரும் பெற்றோர் கூடிக்கொண்டே போகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கான் என்பது வேகமாகத் திருப்பும் போட்டிக்கென்று கியூப் செய்யும் சீன நிறுவனம். விலைக்குத் தகுந்த வேலைப்பாடு அந்தக் கியூபில் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஒரு காலத்தில் போட்டியாளர்கள் ஒவ்வொரு துண்டையும் கழற்றிக் குட்டிக் காந்தங்களைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இன்று அது தொழிற்சாலையிலேயே நடக்கிறது. காந்தம் இருந்தால் பக்கம் திரும்பி முடியும் இடத்தில் 'டக்'கென்று நேராக நிற்கும். கான் நிறுவனம் 2021இல் கொண்டுவந்த 12ஆம் எண் கியூபில் சுருள்வில்லுக்குப் பதிலாக ஒன்றையொன்று தள்ளும் காந்தங்களை வைத்தார்கள். 'மேக்லெவ்' என்று சொல்வது அதைத்தான். சுருள்வில் இல்லாததால் உராய்வு குறைவு, கரகரப்பும் இல்லை. காந்தத்தின் பலத்தையும் இறுக்கத்தையும் மாற்றலாம். மேற்பூச்சு விரலில் நன்றாகப் பிடிக்கும், எடை சுமார் 70 கிராம். அதன்பிறகு 13, 14 என்று எண் ஏறிக்கொண்டே வருகிறது. ஆனால் 11இலிருந்து 12க்கு மாறியபோது என் கைக்குத் தெரிந்த வித்தியாசம் பிறகு வந்தவற்றில் தெரியவில்லை. வேலைக்காக இவற்றை வாங்கித் திருப்பிப் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

சரி, வேகம் கூடுமா? ஒரு சின்னக் கணக்கு போடலாம். பிள்ளைகள் பெரும்பாலும் கற்றுக்கொள்ளும் முறையில் ஒரு கியூபின் நிறங்களைச் சேர்க்க ஏறக்குறைய 55, 60 திருப்பங்கள் ஆகும். நாற்பது விநாடியில் சேர்க்கிற பிள்ளை விநாடிக்கு ஒன்றரை முறைதான் திருப்புகிறது. பதினைந்து இருபது வெள்ளிக்குக் கிடைக்கும் காந்தக் கியூபே அதைவிடப் பல மடங்கு வேகத்தைத் தாங்கும். அப்படியானால் நேரம் எங்கே போகிறது? அடுத்த துண்டு எங்கே என்று கண் தேடும் இடைவெளியில். 2023 ஜூனில் இங்கே சிங்கப்பூரில் நடந்த போட்டியில் சீனச் சிறுவன் யிஹெங் வாங் 4.48 விநாடி சராசரியில் உலக சாதனை படைத்தான். இப்படிப்பட்ட பிள்ளைகள் திருப்புவதைப் பார்த்தால், ஒரு மூலைத்துண்டும் ஓரத்துண்டுமான ஜோடியைச் சேர்க்கும்போதே கண் அடுத்த ஜோடியைப் பிடித்துவிடும். அந்தப் பழக்கம் எந்தப் பெட்டியிலும் வைத்து விற்கப்படுவதில்லை.

இப்போது கைக்கு வருகிறேன். என் வேலை அங்கேதான்.

லேசாகத் திரும்பும் கியூப் கையைக் காப்பாற்றும் என்று நினைக்கிறோம். பழகிய கையை அது காப்பாற்றும், உண்மை. பழகாத கையில் நான் பார்ப்பது நேர்மாறு. வேகமான கியூப் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடும். ஓடாமல் பிடிக்கப் பிள்ளை இரண்டு கட்டைவிரலாலும் அதை நெரித்துக்கொள்ளும். கட்டைவிரலை விரித்து நீட்டும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. விரலால் நெரித்தபடியே மணிக்கட்டைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அந்த உறை தடித்து, நாண் உராயத் தொடங்கும். 1895இல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவர் டி குவர்வெய்னின் பெயரில் இந்த வலியை அழைக்கிறோம். கியூபுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. அந்த விளையாட்டு உலகமெங்கும் பரவிய 1980களின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் கியூப் திருப்பி வந்த கை வலியைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். வலி எப்போது தொடங்கியது என்று கேட்டால், பல பிள்ளைகள் சொல்வது புது கியூப் வந்த வாரத்தை. புதிது கையில் இருந்தால் வைக்க மனம் வராது. எம்ஆர்டி ரயிலில், துணைப்பாட வகுப்புக்குப் போகும் வழியில், படுக்கையில், எல்லா இடத்திலும் திருப்பிக்கொண்டே இருப்பார்கள்.

அந்தப் பையனின் பழைய கியூபை வாங்கிப் பார்த்தேன். பத்து நொடியில் விஷயம் புரிந்தது. ஆறு பக்கமும் இறுகிக் கிடந்தது, உள்ளே தூசி, எண்ணெய் என்பதே இல்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முழு மணிக்கட்டையும் வளைத்துத்தான் திருப்ப முடிந்தது. நடுத்துண்டு மூடிகளைத் திறந்து, ஆறு திருகுகளையும் ஒரே அளவாகக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தினேன். உலர்ந்த துணியால் துடைத்துக் கியூபுக்கென்று விற்கும் சிலிக்கோன் எண்ணெய் இரண்டு சொட்டு. (சமையல் எண்ணெயோ கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயோ வேண்டாம், பிளாஸ்டிக்கும் காந்தத்தின் பசையும் கெட்டுப்போகும்.) பையன் ஒரு பக்கத்தை ஆள்காட்டி விரல் நுனியால் தட்டினான். திரும்பியது. "இது என்னோடதுதானா?" என்று கேட்டான்.

அந்த வயதில் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த விரல் தட்டலைத்தான். மணிக்கட்டு நேராக இருக்கட்டும், பிடி தளர்வாக இருக்கட்டும், விரல்கள் வேலை செய்யட்டும். அவனுக்கு மூன்று வாரம் கட்டைவிரல் அணைப்பட்டை, அப்புறம் நாளுக்குப் பத்து நிமிடத்திலிருந்து மெல்லக் கூட்டினோம்.

அப்படியானால் யாருக்குத்தான் வாங்கலாம்? சராசரி பதினைந்து விநாடிக்குக் கீழே வந்து, தன் கியூபைத் தானே கழற்றி எண்ணெய் போட்டு இறுக்கம் பார்க்கத் தெரிந்து, போட்டிகளுக்கும் போகிற பிள்ளைக்குத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். அதற்குக் காந்த பலத்தின் வித்தியாசம் புரியும், அந்தக் காசு வீண் போகாது. அப்போதும் முந்தைய ஆண்டின் எண் விலை இறங்கிக் கிடைத்தால் என் ஓட்டு அதற்கே. புளூடூத் உள்ள கியூபைப் போட்டிக்கென்று வாங்கிவிடாதீர்கள், உலக கியூப் சங்கத்தின் போட்டிகளில் அதற்கு அனுமதி இல்லை. வலி இருக்கிற பிள்ளைக்கு எந்தக் கியூபும் இப்போது வேண்டாம். போத்தலைத் திறக்கும்போது, பையைத் தூக்கும்போது கட்டைவிரல் அடியில் குத்தினால், ஒரு வாரம் ஓய்வு கொடுத்தும் போகாவிட்டால், பலதுறை மருந்தகத்திலாவது காட்டிவிடுங்கள். விரல்கள் மரத்துப்போனால் அந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். போட்டிக் கூடங்களில் குளிர்சாதனம் கடுமையாக இருக்கும். விறைத்த விரலோடு உட்காரவைக்காமல், ஒரு ஸ்வெட்டர் போட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு ஆடவிடுங்கள்.

புதிது வாங்கினால் பழையது தம்பி தங்கைக்குப் போகும். நம் வீடுகளில் அதுதானே வழக்கம். அங்கே மட்டும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய கியூபைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு துண்டையும் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது கலகலத்தால் பசை விட்டு ஒரு காந்தம் கழன்றிருக்கலாம். அப்படிப்பட்ட இரண்டு காந்தங்களைக் குழந்தை விழுங்கினால், அவை குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு குடலையே துளைத்துவிடும். தொடக்கத்தில் பிள்ளை சிரித்துக்கொண்டுகூட இருக்கும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் போதும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கேகே மருத்துவமனையின் குழந்தைகள் அவசரப் பிரிவுக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ நேராகப் போங்கள். அந்தக் கியூபையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை காந்தம் குறைகிறது என்று மருத்துவருக்கு அதைப் பார்த்தால் தெரியும்.