சித்தி வீட்டு மேக்குச் சொவரும் ஒண்ணர டன் ஏசியும்

கல்லிடைக்குறிச்சில சித்தி வீட்டுக்கு ஏசி வாங்கப் போனோம். கடையில கேட்டது ஒரே கேள்விதான், ரூம் எத்தனைக்கு எத்தன. பன்னெண்டுக்குப் பன்னெண்டுன்னதும் "ஒண்ணர டன் போதும் அண்ணாச்சி"ன்னாரு, சித்தப்பா சும்மா இருக்காம "ஒசரமும் பன்னெண்டடிலா"ன்னாவ, "அப்போ ரெண்டு டன்னா போட்டுருங்க". ரெண்டு நிமிஷத்துல அர டன் ஏறிப்போச்சு.

இந்த டன் ஏசியோட எடை கெடையாது. ஐஸ்கட்டி வச்சுக் குளுத்துன காலத்து அமெரிக்க அளவு, அவங்க டன்னு 907 கிலோ. அத்தன ஐஸும் 24 மணி நேரத்துல உருக எவ்வளவு சூட்ட இழுக்குமோ அந்த வேகம்தான் ஒரு டன், 3,517 வாட். ஒண்ணர டன்னா 5,275 வரணும், ஆனா ஸ்டார் லேபிள்ல 4,800, 5,000ன்னு ஆளுக்கொண்ணு இருக்கும், அதப் பாத்து வாங்குங்க.

சரி, ஒசரத்துக்கு வருவோம். அந்த ரூம் காத்து முழுசையும் நிறுத்தா 60 கிலோ கூட வராது, சித்தப்பாவே 80 இருப்பாவ! அந்தக் காத்த 38 டிகிரில இருந்து 26க்கு இறக்க ஒண்ணர டன் ஏசிக்கு ரெண்டர நிமிஷம் போதும். பெறகு ஏன் பழைய வீடு குளிர மாட்டேங்குதுன்னா, சொவரு. ஒண்ணரையடி கனத்துல நாலு பக்கமும் சேத்தா அதுவே 40 டன் செங்கலும் காரையும். (இது நெசமான எடை டன்.) முழுச் சொவரையும் ஒரே ஒரு டிகிரி இறக்கவே ஏசி கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் வேற சோலி இல்லாம ஓடணும்.

மே மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு மேக்குச் சொவர்ல உள்ளங்கைய வச்சுப் பாருங்க, தோசக்கல்ல எறக்கி வச்சாப்ல வெதுவெதுன்னு இருக்கும். பல நாளா வெளிய அடிச்ச வெயிலோட சூடு அவ்வளவு கனத்துலயும் தங்கிக்கிட்டு, நாம படுக்கப் போறப்பவும் உள்ள விட்டுக்கிட்டே இருக்கும். ராத்திரிக்குத்தான சின்ன ஏசி போதும்னு நெனைக்கிறவங்க மாட்டுறது இங்கனதான். சொவரு காத்த விட ஆறு டிகிரி சூடா இருந்தா நாலு சொவரும் சேந்து சுமார் 2,500 வாட் விடும், கிட்டத்தட்ட முக்கா டன் அதுக்கே போச்சு. மேல மட்டப்பா (மொட்ட மாடி), உள்ள ரெண்டு ஆளு, ஃபேனு எல்லாம் சேத்தாலும் ஒண்ணர டன்னுக்குள்ள அடங்கிரும், ஆனா படுக்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாலயே போட்டுறணும்.

ரெண்டு டன் போட்டா என்னன்னு கேப்பீங்க. இன்வெர்ட்டர் (தேவைக்குத் தக்கன கம்ப்ரஸர் வேகத்தக் கூட்டிக் கொறைக்குற வசதி) இல்லாத பெரிய ஏசின்னா காத்த மட்டும் டக்குனு குளுத்திட்டு கம்ப்ரஸர் நின்னுரும், ஈரத்தப் புழிஞ்சு எடுக்க ஏசிக்குள்ள இருக்க குளிர் காயிலுக்கு நேரமே இருக்காது, சொவரு சூடு உடம்புல அடிச்சுக்கிட்டே இருக்கும், ஆக குளிரும் புழுக்கமும் ஒண்ணா வரும், அது தனி எரிச்சல்.

அதவிட மோசம் கதவுக்கு மேல இருக்க வெண்டிலேட்டர், சித்தி வீட்டுல கண்ணாடி கெடையாது, வெறும் கம்பி. பக்கத்துலயே ஆறு, அந்த ஈரக்காத்து பூரா உள்ள. ஒரு லிட்டர் தண்ணியக் காத்துல இருந்து பிரிக்க ஏசியோட முழு சக்தியும் ஏழு நிமிஷத்துக்கு மேல போயிரும். அத அடைச்சோம், மட்டப்பால வெள்ளச் சுண்ணாம்பு ரெண்டு கோட்டிங், செலவு பெருசா ஒண்ணும் இல்ல, ஒண்ணர டன் இன்வெர்ட்டரே வாங்கிட்டோம்.

அவுட்டோர் யூனிட்ட மட்டப்பா வெயில்ல வைக்கத்தான் மாட்ட வந்த தம்பி ஏணிய சாத்துனாரு. லேபிள்ல போட்டிருக்க வாட்டெல்லாம் வெளிய 35 டிகிரி இருந்தா வர்ற கணக்கு, சூடு கூடக்கூட அது கொறையும், அதனால வடக்கால கெணத்தடி நெழல்ல வச்சோம். இப்ப சித்தி அந்த சூட்டுக் காத்துக்கு நேராவே கொடி கட்டி துணி காயப் போடுதாவ, காத்து போற வழிய அடைக்காதீங்கன்னு சொன்னா "அர மணில காயுதுலே"ங்காவ.